கூட்டிக்கொண்டு போக வந்தவர்கள்

1986, மாசி மாதம். எனக்கு முப்பத்தொரு வயது.

முதலில் கேட்டது மூச்சு. ‘ப்பூ...’ என்று, பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல. மரக்காணம் கடற்கரையில், உச்சி வெயிலில், பக்கத்து அறை ஏது?

மணலில் கிடந்தது ஒரு குட்டி ஓங்கில். பாடநூலில் டால்பின். மீன் அல்ல, தாய்ப்பால் குடிப்பது. தொட்டேன்... காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி போலச் சுட்டது. கண் என்னைப் பார்த்தது.

நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. ஓங்கில் ஒதுங்கிய செய்தி கேட்டதும் துறைத்தலைவர் எங்களை வேனில் ஏற்றி வந்துவிட்டார். அருங்காட்சியகத்துக்கு ஓர் எலும்புக்கூடு வேண்டும். கடலில் விட்டுவிடலாமே என்றேன்.

“தவளை அறுக்கிற கைக்குத் திடீர்னு என்னம்மா ஜீவகாருண்யம்? தானா சாவட்டும். நாம ஒண்ணும் கொல்லலையே.”

மேல்சித்தாமூர் நயினார் வீட்டுச் சமணப் பெண் விலங்கியல் படித்தது அவருக்குத் தீராத வேடிக்கை. அது சாகும்வரை சும்மா இருப்பானேன் என்று எல்லோரையும் மீன் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். சைவமான என்னைக் காவலுக்கு வைத்தார். துணைக்கு, குப்பத்தில் மீன் விற்கும் பச்சையம்மாள்.

அவர்கள் திரும்பியபோது ஓங்கில் இல்லை. மணலில் இழுத்த தடம் மட்டும். அதன் இருபுறமும் வெறுங்கால் தடங்கள், கடலை நோக்கி. திரும்பி வந்த தடம் இல்லை.

எனக்குத் தெரியாது என்றேன். பச்சையம்மாள்தான் பேசினாள்.

“ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க சார். புள்ளைய இட்டுக்கினு போய்ட்டாங்க. அவங்க இங்க ஏன் திரும்பி வரப்போறாங்க?”

துறைத்தலைவர் கடலைப் பார்த்தார். நனைந்திருந்த என் புடவையைப் பார்க்கவில்லை. போய் வேனில் ஏறிக்கொண்டார்.

அந்தக் கதை குப்பம் குப்பமாகப் பரவியது. ஓங்கில் சிக்கினால் வலையை அறுத்து விட்டார்கள். அந்தப் பெண்கள் தேடிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவார்களோ என்ற பயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்போதும் இருந்தது. எங்கள் கல்லூரிக்கே வந்து சேராத சட்டம் குப்பத்துக்கு எப்படிப் போகும்?

இப்போது வனத்துறை வருகிறது, மருத்துவர் வருகிறார், செல்போனோடு ஊரே வருகிறது. ஒதுங்குபவைதான் பெரும்பாலும் செத்து ஒதுங்குகின்றன, வாலில் நைலான் வலையோடு. அந்தப் பெண்களுக்குப் பயப்படத்தான் யாரும் இல்லை.

துறைத்தலைவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பச்சையம்மாளும். இனிச் சொல்லலாம்.

ஓங்கிலை இழுத்தது நான்தான். பனம்பாயில் உருட்டி, வலப்பக்கம் பிடித்து இழுத்தேன். அலைக்குள்ளேயே நடந்து, தள்ளிப்போய்க் கரையேறினேன். பச்சையம்மாள் சவுக்குத்தோப்பு ஓரத்தில், வேன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மணலில் இறங்கவே இல்லை.

வலப்பக்கத் தடம் என்னுடையது. இடப்பக்கத்தைப் பற்றி ஒருமுறை அவளிடம் கேட்டேன்.

“அதான் அன்னிக்கே சொன்னேனேம்மா, ரெண்டு பேருன்னு,” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பாய்... நான் பயந்த அளவு கனக்கவே இல்லை.