சாணி பூசி அடைச்ச கோழிக் கொட்டாய்

அந்தப் பத்துக் கோழியும் ஒரேயடியா செத்துத் தொலையட்டும்னு நான் சாமிகிட்ட வேண்டிக்கினு இருந்த காலம் உண்டு. சொல்ல வெக்கமாத்தான் இருக்குது. இத்தனை வருஷம் கழிச்சு யாரு வந்து கேக்கப்போறாங்க, சொல்லிடறேன்.

அப்போ எனக்குக் கல்யாணமாகி ஒண்ணரை வருஷம். எங்க வீட்டுக்காரு திருப்பதியில ஒரு ஓட்டல்ல ஸ்டோர் பாத்துக்கினு இருந்தாரு. நான் நகரி பக்கத்துல ஒரு ஊர்ல, மாமியாரோட. மாமனாரு இல்ல. வீட்டுல நாங்க ரெண்டே பேரு. மாசத்துக்கு ஒரு தபா அவரு வருவாரு, ரெண்டு நாள் இருப்பாரு, போயிடுவாரு. அந்த ஐப்பசியில வந்தப்போ, திருப்பதியில ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன், அடுப்படி தனியா இருக்குது, பொங்கல் முடிஞ்சதும் உன்னை இட்டுக்கினு போறேன்னாரு. அன்னியிலேந்து எனக்கு ராவும் பகலும் அந்த அடுப்படி நெனப்புதான்.

மாமியாரு நேரா வேணாம்னு சொல்லமாட்டாங்க. "எல்லை முடிவாவட்டும்"னுவாங்க. ஆந்திரா தனியாப் பிரிஞ்சு, எங்க ஊரு அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு எல்லாரும் பேசிக்கினு இருந்த சமயம். "நீ அங்க போயி குந்திக்கினப்புறம் நடுவுல கோடு போட்டுட்டான்னா இன்னா பண்றது?"ன்னு கேப்பாங்க. கோடு போட்டா பஸ்ஸு ஓடாதா? வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுவேன்.

அது போதாதுன்னு கோழிங்க வந்து சேர்ந்துச்சுங்க. பிளாக் ஆபீசுலேந்து கிராம சேவக் ஒருத்தர் சைக்கிள்ல வந்து, பத்து வெள்ளைச் சீமைக் கோழி குடுத்தாரு. நாட்டுக் கோழி மாதிரி பஞ்சாரத்துல கவுத்து வைக்கக் கூடாதாம். தகரம் போட்டு, கம்பி வலை ஜன்னல் வச்சு, தனிக் கொட்டாய் கட்டணுமாம். எப்படி வளக்கறதுன்னு தெலுங்குல அச்சடிச்ச காகிதம் ஒண்ணு குடுத்தாரு. மாமியாருக்குப் படிக்க வராது. நான் தெலுங்கு பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. கோழி என் தலையில விழுந்துச்சு.

அந்த சேவக் என்கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்குது. "வினண்டி அம்மா, கேட்டுக்கோங்க, இதுங்க பனி கொட்டற ஊர்க் கோழிங்க. குளிரு ஒண்ணும் செய்யாது. ஈரமும் கெட்ட காத்தும்தான் கொல்லும். அந்த ஊருங்கள்லயே எவ்ளோ குளிர் அடிச்சாலும் கூரைக்கிட்ட சந்து விட்டுத்தான் வைப்பாங்க. மேல இருக்கிற சந்தை மட்டும் எப்பவும் அடைக்காதீங்க." சரின்னு தலையாட்டினேன். மாமியாரு அப்போ வயலுக்குப் போயிருந்தாங்க.

கோழிங்க நல்லா முட்டை வச்சுதுங்க. நான் நல்லாப் பாத்துக்கினேன், அதான் தப்பு. "உன்னை அனுப்பிட்டா இதுங்களை யாரு பாக்கறது?"ன்னு மாமியாரு கேக்க ஆரம்பிச்சாங்க. இப்போ எல்லையும் ஆச்சு, கோழியும் ஆச்சு.

மார்கழி பொறந்துச்சு. மலைப்பக்கத்துலேந்து ஊதல் காத்து, விடிஞ்சு ரொம்ப நேரம் வரைக்கும் பனி மூட்டம். ஒருநாள் நான் துணி துவைச்சுக்கினு வந்து பாக்கறேன், மாமியாரு கொட்டாயை அடைச்சு முடிச்சுட்டாங்க. சாணியும் களிமண்ணும் குழைச்சு, கம்பி வலை மேல கோணி வச்சு அதுக்கு மேல பூசி, தகரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல இருந்த சந்தையும் விரலால தேய்ச்சுத் தேய்ச்சு மூடியிருந்தாங்க. நெல்லு கொட்டி வைக்கிற குதிருக்குப் பூசி அடைக்கிறதுல அவங்க பேர் வாங்கினவங்க. அவங்க பூசின குதிர்ல ஒரு வண்டு போனதில்ல. அதே கை வேலையைத்தான் இங்கயும் காட்டியிருந்தாங்க. "இனிமே ஒரு பொட்டுக் குளிர் உள்ள போவாது பாரு"ன்னு சிரிச்சாங்க.

எனக்கு வாய் தொறந்துச்சு. அப்புறம் தானா மூடிக்கிச்சு. கோழி போச்சுன்னா ஒரு சாக்கு ஒழிஞ்சுதுன்னு மனசு கணக்குப் போட்டுடுச்சு. நான் ஒண்ணும் செய்யலியே, அவங்களா அடைச்சாங்க, அவங்களா கெடுத்தாங்கன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கினேன்.

மறுநாள் காலையில கதவுச் சாக்கைத் தூக்கினா, எச்ச நாத்தத்துல கண்ணு ரெண்டும் எரிஞ்சு தண்ணி கொட்டுது. தகரத்துலேந்து சொட்டுச் சொட்டா ஈரம் எறங்கி, கீழே பரப்பியிருந்த கடலைத் தோலெல்லாம் சொதசொதன்னு கெடக்குது. கோழிங்க கழுத்தை நீட்டிக்கினு வாயைத் தொறந்து மூச்சு வாங்குதுங்க. சாக்கை எறக்கிட்டு வந்துட்டேன்.

மூணாம் நாள் ரெண்டு செத்துக் கெடந்துச்சு. மாமியாரு ரெண்டையும் மடியில போட்டுக்கினு அழுதாங்க. எனக்குத் தெரிஞ்சு மாமனாரு செத்த சேதியப் பேசும்போதுகூட அவங்க அழுததில்ல. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு எழுந்து, "பாவி நானு, பூச்சு பத்தல, குளிர் உள்ள பூந்துடுச்சு"ன்னு சொல்லிக்கினே மறுபடியும் சாணி குழைக்கக் குந்திட்டாங்க.

என்னால தாங்க முடியல. கடப்பாறையை எடுத்துக்கினு போயி, கூரையோரம் இருந்த பூச்சை இடிச்சுத் தள்ளிட்டேன். "அத்தே, இது நெல்லு இல்ல, மூச்சு வுடற உசுரு. சந்தை அடைச்சா செத்துடும்." கை நெறைய சாணியோட அவங்க என்னை அண்ணாந்து பாத்தாங்க. "உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டாங்களே ஒழிய சந்தேகமாக் கேக்கல. அந்த நேரத்துல உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இப்பதான் காகிதத்தை எடுத்துப் படிச்சேன்"னு பொய் சொன்னேன்.

மிச்சம் எட்டும் பொழைச்சுக்கிச்சு. நாலே நாள்ல கொட்டாய் காஞ்சு, கோழிங்க பழையபடி கொத்தித் துன்ன ஆரம்பிச்சுதுங்க. மாமியாரு என்னைத் தலையில தூக்கி வச்சுக்கினு ஆடினாங்க. எங்க மருமவ படிச்சதாலதான் எட்டு உசுரு தப்பிச்சுதுன்னு தெருவுல ஒரு வீடு விடாம சொல்லிக்கினு வந்தாங்க.

பொங்கலுக்கு எங்க வீட்டுக்காரு வந்தாரு. என்னை இட்டுக்கினு போற பேச்சை எடுத்தாரு. "இவ இல்லன்னா எட்டும் போயிருக்கும் நைனா, நீயே சொல்லு, எப்படி அனுப்பறது?"ன்னாங்க மாமியாரு. மகனை நைனான்னு செல்லமாக் கூப்பிடறது அவங்க வழக்கம். அவரு என் பக்கம் திரும்பி, "நீ இன்னா சொல்றே?"ன்னாரு.

ரெண்டு கோழி செத்ததே என்னாலதான், தெரிஞ்சே மூணு நாள் வாய் மூடிக்கினு இருந்தேன்னு சொல்லியிருந்தா, மாமியாரு அப்பவே என் பொட்டியைத் தெருவுல வச்சிருப்பாங்க. நானும் சாயங்கால பஸ்ஸுல திருப்பதிக்குப் போய்க்கினு இருந்திருப்பேன். மாமியாரு என்னைப் பெருமையாப் பாத்துக்கினு நின்னாங்க. "கோழிங்களைப் பாத்துக்கணுமே"ன்னு நானே சொன்னேன்.