பாசார் மாலாம் குழுவின் பேஸ்காரர்

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பிரெட்ரிக்கின் கைபடாத பழைய கேசட் ஒன்றைத் தேடி எடுப்பது கஷ்டம். கேசட்டை வைத்திருப்பவர்களுக்கு அது தெரியாது, அதுதான் வேடிக்கை. தைப்பூசத்துக்கு வந்த முருகன் பாட்டு, மலாய்ப் பாடகர்களின் காதல் பாட்டு, சவர்க்காரம் விற்ற ரேடியோ விளம்பரம் என்று எண்பதுகளில் கோலாலம்பூர் ஸ்டூடியோக்களில் பதிவான எதைப் போட்டாலும் அடியில் ‘தும் தும்’ என்று ஒரு பேஸ் கித்தார் நடந்துகொண்டிருக்கும். அதுதான் பிரெட்ரிக். கேசட் உறையில் பாடகரின் படம் இருக்கும். பாட்டு எழுதியவர் பெயர் இருக்கும். நன்றி என்று போட்டுப் பாடகரின் தாய்மாமன் பெயர்கூட இருக்கும். வாசித்தவன் பெயர் மட்டும் இருக்காது. கறிவேப்பிலையாவது சாப்பிட்டு முடித்த பிறகு தட்டின் ஓரத்தில் கிடக்கும். ஸ்டூடியோவில் வாசிப்பவர்கள் அதுவும் இல்லை.

பிரெட்ரிக் இதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை. பேஸ் இருப்பது தெரியக் கூடாது, இல்லாமல் போனால்தான் தெரிய வேண்டும் என்பது ஸ்டூடியோக்காரர்களின் வேதம். அதை அவர் பைபிளுக்கு அடுத்தபடியாக நம்பினார். அவருடைய ஒரே ஆதங்கம் மனைவி பியாட்ரிஸ்தான்.

கல்யாணமான புதிதில் ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீடு. தான் வாசித்த பாட்டு ரேடியோவில் வந்தால் போதும், மனிதர் அடுப்படிக்கு ஓடுவார்.

“இந்தா கேளு, இது நான் வாசிச்சது!”

பியாட்ரிஸ் கையில் கரண்டியோடு காதைச் சாய்ப்பார். “இதுல நீங்க எங்க இருக்கீங்க?”

“அடியில. தும் தும்னு போகுதுல்ல?”

“எனக்குப் புல்லாங்குழல்தாங்க கேக்குது.”

குற்றம் பியாட்ரிஸ் மேல் இல்லை. உள்ளங்கை அகல ரேடியோவில் பேஸ் எங்கே வரும்? பிரெட்ரிக்குக்கும் அது தெரியும். ஆனாலும் அடுத்த பாட்டுக்கும் ஓடினார், அதற்கடுத்த பாட்டுக்கும் ஓடினார். ஊர் உலகம் கேட்காவிட்டால் போகிறது, கட்டினவள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ‘ஆமா, இது நீங்கதான்’ என்று சொல்லிவிட வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

அவரைப் போலவே ஸ்டூடியோவில் கூலிக்கு வாசித்த மூன்று பேர் அவருக்குக் கூட்டாளிகள். டிரம்ஸ் உடையப்பன், கீபோர்டு அழகேசன், சாக்ஸபோன் காப்ரியல். எல்லாருமே வட சிலாங்கூர்த் தோட்டத்துப் பிள்ளைகள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். வாரம் பூராவும் அடுத்தவன் பாட்டுக்கு வாசிக்கிறோம், ஞாயிற்றுக்கிழமையாவது நமக்கு வாசித்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அந்த பஸ்ஸில்தான் பிறந்தது. உடையப்பன் உறுமி அடியை டிரம்ஸில் போட்டார். அழகேசன் மலாய் ஜோகெட் ஆட்டத்தின் துள்ளலைக் கீபோர்டில் சேர்த்தார். காப்ரியல் அதன்மேல் ஜாஸ் ஊதினார். ஜாஸ் ஃபியூஷன் என்று சொன்னால் தோட்டத்தில் யாருக்குப் புரியும்? தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் ஒருநாள் வந்து இது என்னடா பாட்டு என்று கேட்டதற்கு, “பாசார் மாலாம் லா, அண்ணே. சட்டையும் தொங்கும், சாத்தேயும் வேகும்” என்றார் காப்ரியல், துணியும் சுட்ட இறைச்சிக் குச்சியும் ஒரே இடத்தில் விற்கும் ராத்திரிச் சந்தையை நினைத்து. குழுவின் பெயர் அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவர்கள் சொந்தமாகக் கட்டிய முதல் பாட்டுக்குக் ‘கடைசி பஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

முதல் மேடை சுங்கை ஆயர் தாவாரில், தீபாவளிக் கலைநிகழ்ச்சி. மண்டபம் நிறைய சனம். முன்வரிசையில் பியாட்ரிஸ் புதுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். ஏற்பாட்டாளர்கள் வழக்கம்போல மேடை நடுவில் பாடகருக்கென்று ஒரு மைக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதுதான் குடியைக் கெடுத்தது. ‘கடைசி பஸ்’ஸின் மெட்டை ஊத வேண்டியவர் காப்ரியல். ஆனால் அந்த மைக்கைப் பார்த்ததும் நாலு பேருக்கும் பழக்கதோஷம் வந்துவிட்டது. முன்னிசை முடிந்ததும் எல்லாரும் ஒருசேர சத்தத்தைக் குறைத்து, மரியாதையாக ஒதுங்கி, வராத பாடகருக்கு இடம் விட்டார்கள். காப்ரியலும் சாக்ஸபோனை மார்போடு அணைத்துக்கொண்டு மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னணி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

“பாடுறவரு நடந்து வர்றாராடா?” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

மண்டபமே சிரித்தது. காப்ரியல் விழித்துக்கொண்டு ஊதுவதற்குள் ஏற்பாட்டாளர் ஒருவர் மேடையேறி, சும்மா நின்ற மைக்கைப் பிடித்து, ஒரு சினிமாப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கர்மம், அதற்கும் அழகாகப் பின்னணி வாசித்தார்கள்.

“நல்லாத்தான் இருந்துச்சு, உங்க சத்தம்தான் கேக்கல” என்றார் பியாட்ரிஸ், வீடு திரும்பும்போது. எப்படிக் கேட்கும்? வேதத்தை மீறாதவர் கித்தாரின் சத்தத் திருகைப் பாதிக்கு மேல் திருப்பவே இல்லை.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. ஒரே ஆள் உட்கார்ந்து நாலு பேர் வேலையையும் பார்த்தான். உடையப்பனும் அழகேசனும் காப்ரியலும் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். பிரெட்ரிக் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். பியாட்ரிஸ் சுங்கை புரோங்கில் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனதால் குடும்பம் தஞ்சோங் காராங்குக்கு மாறியது. அந்த ஆலையின் இரைச்சல் அந்தம்மாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது பேத்தி பக்கத்தில் நின்று கீச்சுக் குரலில் கூப்பிட்டாலும் கேட்காது. விசில், வாசல் மணி, குருவிச் சத்தம் எதுவும் கேட்காது. நெல் லோரி அடிக்குரலில் உறுமிக்கொண்டு சந்துக்குள் திரும்பினால் மட்டும் வீட்டில் முதலில் நிமிர்ந்து பார்ப்பது அவர்தான். காதுக்கு வாங்கிக் கொடுத்த மிஷின் கரகரக்கிறது என்று அலமாரியில் தூங்குகிறது.

பிரெட்ரிக்கின் ஆசையும் அதோடு முடிந்தது. காது இருந்த காலத்தில் நான் சத்தமாக வாசிக்கவில்லை, இனி வாசித்து என்ன, வாசிக்காமல் என்ன என்று கித்தாரைக் கட்டிலடியில் தள்ளிவிட்டார்.

போன வருஷம் காப்ரியல் போய்ச் சேர்ந்தார். இந்த வருஷம் நினைவுநாள் பூசைக்கு முன்னால் அவருடைய மகள் ஃபியோனா போன் செய்தாள்.

“அங்கிள், பூசை முடிஞ்சு ஹால்ல சாப்பாடு வச்சிருக்கோம். நீங்க மூணு பேரும் அப்பாவோட பாட்டை ஒரு தடவை வாசிங்க, ப்ளீஸ்.”

பிரெட்ரிக் கட்டிலடியிலிருந்து கித்தாரை இழுத்துத் தூசி தட்டினார்.

மத்தியானம், பிரியாணி வாசனைக்கு நடுவில் மூன்று கிழவர்களும் மேடையேறினார்கள். சாமியார் ஜெபம் சொன்ன மைக் நடுவில் அப்படியே நின்றது. பியாட்ரிஸை வயதானவர்களோடு முன்மேசையில், பேஸ் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். காது மந்தமானவர்களுக்கே உரிய புன்சிரிப்போடு, எல்லார் முகத்தையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

‘கடைசி பஸ்’ கிளம்பியது. உடையப்பனின் உறுமி அடி கொஞ்சம் தள்ளாடினாலும் சமாளித்துக்கொண்டது. முன்னிசை முடிந்தது. காப்ரியல் நுழைய வேண்டிய இடம் வந்தது. மூன்று பேரும் பழையபடி சத்தத்தைக் குறைத்து ஒதுங்கினார்கள். ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்றும் போனது. அழகேசன் உடையப்பனைப் பார்த்தார். உடையப்பன் பிரெட்ரிக்கைப் பார்த்தார். பிரெட்ரிக் மைக்கைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்க யாரும் இல்லை. வராத பாடகருக்காகக் காத்திருந்தது போய், இனி வரவே முடியாத சிநேகிதனுக்காக இடம் விட்டு நின்றார்கள். ஃபியோனா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரெட்ரிக்குக்குப் பொறுக்கவில்லை. காப்ரியலின் மெட்டு அவர் விரலுக்குத் தெரியும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதன் அடியிலேயே நடந்திருக்கிறார்! சத்தத் திருகைக் கடைசிவரை திருப்பினார். ஆயுசில் முதல்முறையாக ஓரடி முன்னால் வந்து, அந்த மெட்டை பேஸின் கனத்த நரம்புகளில் வாசித்தார். மேசைக் குவளைகள் அதிர்ந்தன. விரல் ஓரிரண்டு இடத்தில் தடுமாறியது. அதை யார் பார்த்தார்கள்? உடையப்பன் அழுதுகொண்டே அடித்தார்.

பியாட்ரிஸ் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார். லோரி திரும்பும்போது நிமிர்வாரே, அப்படி நிமிர்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரெட்ரிக் அதைக் கவனிக்கவில்லை. வாசித்து முடித்தவர் கூட்டாளிகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு பேரும் காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் பியாட்ரிஸ் மெதுவாக எதையோ முனகினார். சுருதி எங்கோ இருந்தாலும் மெட்டு தெரிந்தது. ‘கடைசி பஸ்’. பிரெட்ரிக் காரை ஓரங்கட்டினார்.

“என்னங்க,” என்றார் பியாட்ரிஸ், “உடையப்பனும் அழகேசனும் ஏன் சும்மா கைய மட்டும் ஆட்டிக்கிட்டு இருந்தாங்க? அவங்க வாசிக்கலையா?”

“வாசிச்சாங்களே.”

“அப்படியா? எனக்கு உங்க சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு.”