பென்டிரைவில் இருந்த அம்புக்குறிகள்

தெருமுனை ஸ்டுடியோக்காரரை எல்லோரும் 'சிரிங்க அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பல் பிடுங்கிவிட்டு வந்தவரைக்கூடச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தவர். அந்தக் காலத்தில் தினமும் ஷட்டரை இறக்குமுன், கம்ப்யூட்டர் திரையில் தெரிந்ததையெல்லாம் பென்டிரைவுக்குள் இழுத்துப் போட்டுவிடுவார். "கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுது பாரு!" என்று பெருமை வேறு.

அந்த வேகத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒருநாள் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. மகள் வந்து பென்டிரைவைத் திறந்தால், உள்ளே ஒரு போட்டோ கூட இல்லை. எல்லாம் மூலையில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகள்; படம் கம்ப்யூட்டரில் எங்கே இருக்கிறது என்று காட்டும் வெறும் பெயர்கள். வீட்டைத் தூக்கி வைப்பதாக நினைத்து வாசல் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார் மனிதர்!

இப்போது மகள் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர் தானாகவே பேக்கப் எடுத்துவிடுகிறது. ஆனாலும் கடை ஓய்ந்த நேரத்தில் அண்ணன் அந்தப் பழைய பென்டிரைவைச் சொருகி, 'தபால்காரர் மகள் கல்யாணம்', 'பல் விழுந்த பாப்பா' என்று ஒவ்வொரு பெயராக வாசிப்பார்.

"அதுலதான் ஒண்ணுமே இல்லையேப்பா!"

"நீ ஒரு பேரைச் சொல்லும்மா. அவங்க எப்படிச் சிரிச்சாங்கன்னு நான் சொல்றேன்."