எதிர்மனுதாரர் எழுதுவது

திங்கட்கிழமை காலை, பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது பகவதி டீச்சரின் மகள் உமா போனில் கூப்பிட்டாள். "அம்மை போயிட்டா டீச்சர்." அன்று முழுவதும் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

டீச்சர் வலியசாலைக்காரர். இந்த மலையாள ஊரின் சாலைக் கடைத்தெருவில் வேலை செய்யும் தமிழர்களின் பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளியில், தமிழில் கணக்குச் சொல்லித்தரப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் கிடைக்காத காலத்தில் சேர்ந்தவர். "பயிற்சி பெறாதவர்" என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை பயிற்சிக்கு இடம் கிடைத்தது. இரண்டு முறையும், மாற்று ஆள் இல்லை, விடுவிக்க முடியாது என்று கல்வி அலுவலகம் தடுத்தது. பிறகு தலைமையாசிரியர் இடம் காலியானபோது, பயிற்சி இல்லாதவருக்குப் பதவி உயர்வு கிடையாது என்று அதே அலுவலகம் விதியைக் காட்டியது. நன்றாக இருக்கிறது நியாயம்!

அந்தப் பதவி, அவருக்குப் பல வருடம் இளையவளான எனக்கு வந்தது. என்னிடம் சான்றிதழ் இருந்தது, அவ்வளவுதான். டீச்சர் வழக்குப் போட்டார். இப்படிப்பட்ட வழக்கில் பதவி பெற்றவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தாக வேண்டும். அதைச் சொல்ல என் அறைக்கே வந்தார்.

"மக்ளே, கேஸுல நீயும் எதிர்க்கட்சியாக்கும். மனசு வெஷமப்படாத, கேட்டியா?"

"நீங்க ஜெயிக்கணும் டீச்சர்."

"பின்னே? தோக்கவா போறேன்?"

விசாரணை நாட்களில் இருவரும் கிழக்கேகோட்டையில் ஒரே பஸ் ஏறுவோம். அவர் கொண்டுவரும் எலுமிச்சை சாதத்தைக் கோர்ட் வராந்தாவில் பகிர்ந்து சாப்பிடுவோம். அரசு வக்கீலுக்கு அது பொறுக்கவில்லை.

"ரெண்டு கட்சியும் ஒண்ணாயிட்டு இருந்து ஊணு கழிக்கிறீங்களே?" என்றார்.

"இவகூட எனக்கு என்ன வழக்கு சார்? உங்க ரூல்கூடயாக்கும்" என்று சொல்லி, டீச்சர் டப்பாவை அவர் பக்கம் நீட்டினார். வக்கீலும் ஒரு பிடி எடுத்துக்கொண்டார்.

டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு, "இனி எதற்கு வழக்கு? கருணை மனு கொடுக்கலாமே" என்று பலரும் சொன்னார்கள். டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கருணை எனக்கெதுக்கு? எனக்குள்ளதைத் தந்தாப் போதும்."

தீர்ப்பு வருமுன் போய்விட்டார். சடங்குகள் முடிந்த மாலையில், வழக்கும் இதோடு முடிந்தது என்றார் ஓர் உறவினர். "யாரு சொன்னா? அம்மைக்குப் பதிலா நான் நிப்பேன்" என்றாள் உமா, அழுத முகத்தோடு.

அடுத்த விசாரணைக்கு நானும் போவேன். இந்தப் பதவி அவருக்கு உரியது என்று, அதில் உட்கார்ந்திருக்கும் நானே எழுந்து நின்று சொல்வேன். போய் வாருங்கள் டீச்சர். உங்களிடம் தோற்காமல் நான் ஓய்வு பெற மாட்டேன்.