எதிரிக்குப் பொருந்தாத சொல்

யாரையும் நம்பாமல் இருந்திருந்தால் பழனிவேலுக்கு எந்த நஷ்டமும் வந்திருக்காது. ஆனால் அப்படி இருப்பதற்கு வாழ்க்கை என்று பெயர் வைக்க முடியுமா?

எறையூர்ப் பக்கம் கரும்பு விவசாயி அவர். திருச்சியில் கல்லூரி படித்தபோது ஒரு பாதிரியாரிடம் லத்தீன் கற்றார். அந்தப் பாதிரியார் தொகுத்துவரும் அகராதிக்கு இன்றும் தமிழில் பொருள் எழுதித் தருகிறார். பெரிய புலமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சொல்லை அவசரமாகக் கடந்துபோக மாட்டார்.

போன வருடம் சர்க்கரை ஆலையிலிருந்து அவருக்கு வெட்டு உத்தரவு வந்த சமயம், மனைவி ஹேமலதாவுக்குத் திருச்சியில் அறுவை சிகிச்சை. அந்த உத்தரவு இருந்தால்தான் ஆலை கரும்பை எடுத்துக்கொள்ளும். உத்தரவைத் தம்பி ராஜதுரையிடம் கொடுத்து, ஆட்களை இறக்கி வெட்டி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். தம்பி அந்த உத்தரவில் தன் வயல் கரும்பை வெட்டி அனுப்பிவிட்டான். அண்ணனின் கரும்பு பூத்து, சாறு வற்றி, சக்கையாக நின்றது.

"ஊருல உள்ள பாஷையெல்லாம் படிச்சீங்களே, இதுக்கு ஒரு வார்த்த இல்லையா?" என்றார் ஹேமலதா.

"இருக்கு. பெர்ஃபிதியா."

"அப்படின்னா?"

"துரோகம். ஆனா எதிரி ஏமாத்துனா அந்தப் பேரு பொருந்தாது. நாம நம்புன ஆளு செஞ்சாத்தான்."

"அப்ப நம்ம மேலயும் தப்புங்கிறீங்க."

"நம்புனது எப்படித் தப்பாவும்?"

"நல்லா இருக்கு நியாயம். காஞ்சது நம்ம கரும்பு!"

ரோமானியர்கள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் பகை நாட்டார் மேல்தான் வீசினார்கள், தாங்கள் ஒப்பந்தத்தை மீறியபோது அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள் என்று அதே அகராதியில் வேலை செய்யும் என்னிடம் பழனிவேல் ஒருமுறை சொன்னார். அகராதியில் 'துரோகம்' என்பதோடு நிறுத்தாமல், 'நம்பிக்கை இருந்த இடத்தில் மட்டுமே நிகழ்வது' என்றும் எழுதினார். அது சரியான விளக்கம் என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

அண்ணனும் தம்பியும் பேசி ஒரு வருடமாகிவிட்டது. இந்தத் தை மாதம் மறுபடியும் உத்தரவு வந்தது. இந்த முறை வெளியூர் வேலை ஒன்றும் இல்லை, பழனிவேலே நின்று வெட்டியிருக்கலாம். அவர் உத்தரவை எடுத்துக்கொண்டு ராஜதுரை வீட்டுக்குப் போனார். பின்னாலேயே போன ஹேமலதா வாசலில் நின்றுவிட்டார்.

ராஜதுரை கையை நீட்டவில்லை. "எங்கிட்டயாண்ணே குடுக்குற?"

"நாளைக்கே ஆள எறக்கிடு. பூக்க ஆரம்பிச்சிருச்சு."

ஏன் என்று ஹேமலதா கேட்டார், நானும் கேட்டேன். பழனிவேல் அகராதித் தாள்களை விரித்துக்கொண்டார். மறுநாள் வெட்டைப் பார்க்க வயல் பக்கம்கூட அவர் போகவில்லை.