அபாயம் என்றால் என்ன?

கல்யாணமாகி நான் வடமதுரைப் பக்கம் வந்த வருஷம்தான் எங்கள் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. மோட்டார் அறைக் கதவில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புத் தகடு ஒன்றை அறைந்துவிட்டுப் போனார்கள். ‘அபாயம்’ என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் தினமும் அதன் மேலேயே துண்டைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போவார்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஏழு மாத வயிற்றோடு சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் அறையில் அவர் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டார். கை அப்படியே ஒட்டிக்கொண்டது. உடம்பு உதறியது, சத்தமே வரவில்லை. மூலையில் கிடந்த காய்ந்த தென்னை மட்டையை எடுத்து அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். கை விடுபட்டு மல்லாந்து விழுந்தார்.

தலையை மடியில் வைத்துக்கொண்டு, “ஏனுங்க, ஏனுங்க” என்று அரற்றினேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை. ஒரு வழியாகக் கண்ணைத் திறந்தார்.

“ஏ புள்ள, இம்புட்டு பலமாவா அடிப்ப?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“டீச்சருக்குப் படிச்சவதான நீ? அபாயம்னா என்ன அர்த்தம்?”

“அர்த்தம் கேக்கற நேரமாங்க இது?”

“செத்த நேரம் ஏதாச்சும் பேசு. உசுரோட இருக்கேன்னு தெரியணும்ல.”

பயிற்சிப் பள்ளியில் கேட்டது ஞாபகம் வந்தது. “அது வடமொழிச் சொல்லுங்க. விலகிப் போறதுங்கறதுதான் மொத அர்த்தம். நம்மகிட்ட இருக்கறது நம்மள விட்டுப் போயிருது பாருங்க, அதுங்க. ஆபத்துங்கற அர்த்தமெல்லாம் அப்புறம் வந்ததுங்க.”

கதவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“அப்ப வெள்ளிக்கெழம நீ ஊருக்குப் போறதுதான் அபாயம்.”

பிரசவத்துக்கு நெய்க்காரப்பட்டியில் என் அம்மா வீட்டுக்குப் போக நாள் குறித்திருந்தது. அவரிடம் சொன்னபோது, “சரி, போயிட்டு வா” என்றதோடு சரி. இவருக்கு ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று உள்ளுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளங்கை வெந்திருந்தது. திண்டுக்கல்லில் கட்டுப் போட்டார்கள். அது ஆறும்வரை பயணத்தைத் தள்ளிவைத்து, மூன்று வேளையும் நான்தான் ஊட்டிவிட்டேன். பிறகு அவரே என்னை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார். மறுநாள் கிளம்புவதாகச் சொன்னவர் கிளம்பவில்லை. வாரம் ஒன்று ஓடியது.

“மாப்பிள்ளைக்குத் தோட்டத்துல வேலை இல்லீங்களா?” என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“கை இன்னும் சரியாகல அத்த” என்றார் என் வீட்டுக்காரர், அந்தக் கையாலேயே இட்லியைப் பிட்டுக்கொண்டு.