வாய்க்கால் கரையில் அம்மா

நன்றாகப் படிக்கும் மாணவர்களைப் பொறுக்கியெடுத்து, உத்திரமேரூர் பக்கத்தில் கோடைச் சேவை முகாம் போட்டார்கள். முகாம் நடந்தது என் சொந்த ஊரில். முதல் மதிப்பெண் வாங்கியதால் என்னையே தலைவனாக்கினார்கள். ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். "கூலி வாங்காமல் உழைப்போம்" என்று தொடக்க விழாவில் முழங்கியவன் நான்தான்.

மறுநாள் காலை, கரையில் சில பெண்கள் காலிக் கூடைகளோடு நின்றார்கள். அவர்களில் என் அம்மாவும் இருந்தாள்.

"வருசா வருசம் நாங்கதான வாருவோம். இந்த வாட்டி ஆளு வேணாம்னுட்டாரு மேஸ்திரி. நீங்கள்லாம் சும்மா செய்றீங்களாமே" என்றாள்.

அந்தக் கூலிக் கேழ்வரகில்தான் ஆடி வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பெரியும். அந்தக் கூழில் வளர்ந்த எனக்கே அது தோன்றவில்லை.

"நிறுத்தச் சொல்றேம்மா."

"வேணாம் நைனா, உன்னத் தொரத்திடுவாங்க. மத்தியானம் சோறு போடறாங்க இல்ல? நல்லா துன்னு. வூட்ல ஒரு வவுறு கொறையும்."

அவர்கள் போய்விட்டார்கள். நான் மண்வெட்டியை எடுத்தேன். மதியம் நெல்லுச்சோறு போட்டார்கள். பசித்தது. மறுசோறும் கேட்டு வாங்கித் தின்றேன்.

பிறகு எத்தனையோ மேடைகளில் சேவையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கூலி வாங்காமல் உழையுங்கள் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.